சிகரெட்டை விட்டேன், சவப்பெட்டிக்கடை வேனில் ஏறினேன்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். டவுனுக்குப் போயி டாக்டரைப் பார்த்துட்டு வரணும். அவ்ளோதான்.

எண்பதுகளோட தொடக்கம். நாங்க ஈப்போவுல, சிலிபின்ல வாடகை வீட்டுல இருந்தோம். எனக்கு லோரி பட்டறையில ஸ்டோர் கீப்பர் வேலை. வீட்டுக்காரி பாக்கியம் பள்ளிக்கூடக் கண்டீன்ல சமைச்சிக்கிட்டிருந்தா.

இந்த டாக்டர் சமாச்சாரம் அதுக்கு எட்டு மாசத்துக்கு முன்னாடியே தொடங்கிடுச்சி. அப்ப நான் ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட்டு ஊதுவேன். தோட்டத்துல பால்மரம் வெட்டுன காலத்துல, கொசுவை வெரட்டறதுக்குன்னு பத்த வச்சது. கொசு தோட்டத்தோட நின்னுடுச்சி. சிகரெட்டு மட்டும் என்கூட ஈப்போவுக்கு வந்துடுச்சி.

ஒரு நாள் கேஸ் சிலிண்டரைத் தூக்கிட்டு வாசப்படி ஏறினேன். மொத்தம் நாலே படி. மூணாவது படியில சிலிண்டரைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டேன். மூச்சு வரலை!

மறுநாள் காலையில பாக்கியம் என் கையைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயி சிங் டாக்டரு முன்னால உக்கார வச்சிட்டா.

சிங் டாக்டரு தமிழ் நல்லாவே பேசுவாரு. ஆனா அவரு கத்துக்கிட்ட தமிழ்ல 'நீங்க' கிடையாது. யாரா இருந்தாலும் 'நீ'தான். என் நெஞ்சுல குழாயை வச்சி, கண்ணை மூடிக்கிட்டு, ரேடியோவுல பாட்டுக் கேக்கற மாதிரி ரொம்ப நேரம் கேட்டாரு.

"உன் அப்பா எப்படிச் செத்தான்?"

"நெஞ்சுவலி டாக்டர். தோட்டத்துல காலையில பேரு கூப்பிடறப்ப, வரிசையில நின்னவரு அப்படியே சாஞ்சிட்டாரு."

"எத்தனை வயசு?"

"நாப்பத்திரெண்டு."

"உனக்கு?"

"நாப்பது."

"ரெண்டு வருஷம் இருக்கு"ன்னாரு. "சிகரெட் நிறுத்து. கூடக் கெடைக்கும்."

பாக்கியம் அங்கேயே என் சட்டைப்பையில கைய விட்டா. பாக்கெட்டை எடுத்து டாக்டரு மேசை மேல வச்சா. நெருப்புப் பெட்டியையும் எடுத்துப் பக்கத்துல வச்சா.

அதுக்கப்புறம் நான் தொடலை. சத்தியமா தொடலை. இதை நீங்களாவது நம்புங்க. அன்னிக்கு நம்பறதுக்கு ஆளில்லாமப் போச்சி.

சிகரெட்டை விட்டது கஷ்டமில்லைலா. கைக்கும் வாய்க்கும் வேலை கொடுக்கறதுதான் கஷ்டம். பத்து மணி சிகரெட்டுக்குப் பதிலா கறி அடைச்ச கறிபாப் ஒண்ணு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஊதறதுக்குப் பதிலா ரெண்டு பீசாங் கோரெங், அதான், மாவுல முக்கிப் பொரிச்ச வாழைப்பழம். அப்பறம் நாள் முழுக்க கச்சான், வேர்க்கடலை. சட்டைப்பையில சிகரெட்டு இருந்த எடத்துல இப்ப வறுத்த கச்சான். பட்டறையில நான் நடந்து போன வழியை, சிந்தின தோலைப் பார்த்தே கண்டுபுடிச்சிடுவாங்க.

எட்டு மாசத்துல பதினாலு கிலோ!

இடுப்புல சிலுவார் பொத்தானெல்லாம் ஒண்ணொண்ணா வேலையை விட்டுட்டுப் போயிடுச்சி. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா, வேலி மேல கையை வச்சிக்கிட்டு, "என்னா தம்பி, எத்தனாவது மாசம்?"னு கேட்டுச்சி. பாக்கியம் சிரிச்ச சிரிப்புல அடுப்புல இருந்த பால் பொங்கிடுச்சி.

சரி, அன்னிக்குக் காலைக்கு வாரேன். டாக்டரு மறுபடி வரச் சொன்ன நாளு. நெஞ்சுல வயரெல்லாம் ஒட்டிப் பார்க்கணும்னு சொல்லியிருந்தாரு. எனக்கு நெஞ்சைப் பத்திக் கவலையில்ல. அங்க மூலையில நிக்கிற எடை மெஷினைப் பத்தித்தான் கவலை.

"பசியாறிட்டுப் போங்க"ன்னா பாக்கியம்.

"வேணாம். எடை பார்ப்பாரு."

"ஒரு தோசையிலயா இருக்கு ஒங்க எடை?"

சட்டை தேடினேன். எதுவும் பூட்டலை. கடைசியில மச்சானோட பூப்போட்ட பாத்தேக் சட்டைதான் கெடைச்சிச்சி. மச்சான் சுப்பையா, பாக்கியத்தோட அண்ணன். என் தங்கச்சி கனகாவைக் கட்டியிருக்கறவரும் அவருதான். கமுந்திங்ல ஃபேக்டரி வேலை. நல்ல பருமன். போன வாரம் வந்தப்ப சட்டையை எங்க வீட்டுலயே மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு. நான் சிகரெட்டை விட்ட வாரத்துலயே, "மச்சானுக்காக நானும் விட்டுட்டேன்"னு என் தங்கச்சி கையில அடிச்சிச் சத்தியம் பண்ண மனுஷன்.

சட்டை கச்சிதமா இருந்துச்சி. அதுவே ஒரு அவமானம்.

பஸ்ஸுல போகாம நடந்தே போனா அரைக் கிலோவாவது குறையும்னு கணக்குப் போட்டேன். வெயிலு. வெறும் வயிறு. கால்மணி நேரம் நடந்தேன். கண்ணு மங்கலா வந்துச்சி. ரோட்டோரத்துல ஒரு கடை.

"ஒரு தே. சீனி கம்மி. வேற ஒண்ணும் வேணாம்"னு தெளிவாச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து எண்ணெயிலருந்து பீசாங் கோரெங்கை அள்ளி வைக்கிறாங்க. நான் என்னா பண்ணுவேன்? மூணு சாப்பிட்டேன். மூணுதானேன்னு இன்னும் ரெண்டு. கை சும்மா இருக்கக் கூடாதுன்னு ஒரு பொட்டலம் கச்சான் வேற.

சாப்பிட்டதைக் கரைக்கணுமே? அதனால வேகமா நடந்தேன். நடைன்னு சொல்ல முடியாது, அரை ஓட்டம்.

பழைய டவுனுக்குள்ள நுழைஞ்சப்ப நெஞ்சுல சுருக்குன்னுச்சி.

இடது பக்கம்.

நின்னேன். மறுபடியும் சுருக்கு! யாரோ உள்ள இருந்து முட்டியால முட்டற மாதிரி. வேர்த்து ஊத்துது. இப்ப சிரிச்சிக்கிட்டுச் சொல்றேன், அன்னிக்குச் சிரிப்பு வரலை. எங்கப்பா சாஞ்சப்ப நான் அதே வரிசையில, அவருக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தேன். அவரு முதுகு வேர்த்ததைப் பார்த்தேன். இப்ப என் முதுகு வேர்க்குது. பாக்கியம் இந்நேரம் கண்டீன்ல பிள்ளைங்களுக்கு மீ நூடுல்ஸ் வறுத்துக்கிட்டிருப்பா. அவகிட்ட யாரு போயிச் சொல்லுவாங்க?

கடைகளுக்கு முன்னால இருந்த அஞ்சடி நடைபாதையில உக்காந்துட்டேன். தூணுல சாஞ்சேன். மெதுவாத் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

சவப்பெட்டிக் கடை!

வரிசையா, பாலிஷ் போட்டு, மூடி தொறந்து வச்சிருக்கு. ஊருல இத்தனை கடை இருக்கறப்ப எனக்குன்னு அமைஞ்ச எடத்தைப் பாருங்க.

சீன தவுக்கே, அதான் கடை முதலாளி, வெளிய வந்தாரு. என்னை மேலருந்து கீழே பார்த்தாரு. அப்புறம் இந்தத் தோளுலருந்து அந்தத் தோளுக்குப் பார்த்தாரு. அளவெடுக்கற தையக்காரன்கிட்ட மட்டும்தான் அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கேன்.

"அண்ணே, சாக்கிட் கா?"

வலிக்குதான்னு கேக்கறாரு. நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். பாவம், நல்ல மனுஷன்! உள்ள ஓடிப்போயி சுடுதண்ணி கொண்டாந்து குடுத்தாரு. ரோட்டுல எறங்கி டெக்சியை நிப்பாட்டப் பார்த்தாரு. ஒண்ணும் நிக்கலை.

"நம்ம வேன் இருக்கு. வா"ன்னு மலாய்ல சொன்னாரு.

வேனு பக்கத்து ஊரு பத்து காஜாவுக்குக் கெளம்பத் தயாரா நின்னுச்சி. முன்சீட்டு முழுக்க, சாவுக்கு எரிக்கற காகிதக் கட்டு. பின்னால ஒரு புதுப் பெட்டி. பெட்டிக்கும் வேன் சொவருக்கும் நடுவுல ஒரு ஆளு படுக்கற அளவுக்கு எடம், அந்த ஆளு என் எட்டு மாசத்துக்கு முந்தின உடம்பா இருந்தா. தவுக்கே தலைப்பக்கம், அவரு வேலையாளு கால்பக்கம், ரெண்டு பேருமாத் தூக்கி என்னை உள்ள திணிச்சாங்க. எனக்கு வெக்கம் தாங்கலை. கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன்.

கண்ணை மூடுனது தப்பு. அந்த நேரத்துல சிலிபின் பஸ்ஸு அந்தப் பக்கமாப் போயிருக்கு. சன்னலோரத்துல அஞ்சலை அக்கா.

அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டு பேரு தூக்கறாங்க, நான் கண்ணை மூடியிருக்கேன், வேனுல பெட்டி இருக்கு. வேற யாரா இருந்தாலும் அதையேதான் நெனைச்சிருப்பாங்க.

கிளினிக்குல தவுக்கே என்னை எறக்கி விட்டுட்டு, தோளைத் தட்டிட்டு, பத்து காஜாவுக்குப் போயிட்டாரு. சிங் டாக்டரு ஓடி வந்தாரு.

"சட்டையைக் கழட்டு!"

நர்ஸ் கழட்டினாங்க. சட்டையைத் தலைகீழாப் புடிச்சாங்க. உள்பையிலருந்து டொப்புன்னு ஒண்ணு கீழ விழுந்துச்சி.

சிகரெட்டுப் பாக்கெட்டு. பாதி தீந்தது.

டாக்டரு குனிஞ்சி எடுத்தாரு. அதைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு.

"எட்டு மாசமா நிறுத்திட்டே?"

"டாக்டர், இது என் மச்சான் சட்டை!"

"சட்டை மச்சானோடது. சிகரெட் மச்சானோடது. நெஞ்சு மட்டும் உன்னோடதா?"

பாக்கெட்டைக் குப்பைக்கூடையில போட்டுட்டு வயரை ஒட்ட ஆரம்பிச்சாரு. கையில, கால்ல, நெஞ்சுல. மெஷினு காகிதத்தைத் துப்புது. அவரு அதை நீட்டி நீட்டிப் பார்க்கறாரு.

"டாக்டர்... வீட்டுக்குச் சொல்லி அனுப்பணுமா?"

அவரு என் வயித்துல ரெண்டு வெரலை வச்சி ஒரு அழுத்து அழுத்தினாரு.

ஏப்பம்!

சாதாரண ஏப்பமில்ல. வெளிய காத்திருந்த நோயாளிங்க எல்லாம் கதவைப் பார்த்தாங்களாம், நர்ஸ் சொன்னாங்க. அதோட சேர்ந்து நெஞ்சுவலியும் போயே போச்சி.

"காலையில என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் சாப்பிடலை டாக்டர். தே."

"தே மட்டும்?"

"பீசாங் கோரெங் அஞ்சி. கச்சான் ஒரு பொட்டலம். அதுக்கப்புறம் ஓடினேன்."

டாக்டரு கண்ணாடியைக் கழட்டிட்டு மூஞ்சியைத் தொடைச்சிக்கிட்டாரு.

"இது ஹார்ட் இல்ல. இது கச்சான்."

அப்புறம் குழாயை எடுத்து முதுகுல வச்சாரு. மூச்சை இழு, விடு, இழு, விடு. இந்தத் தடவையும் ரொம்ப நேரம் கேட்டாரு. கடைசியில குழாயைக் கழுத்துல போட்டுக்கிட்டு, "சிகரெட் குடிக்கறவன் மூச்சு இல்ல இது. நம்பறேன். நெஞ்சு நல்லா இருக்கு"ன்னாரு.

எனக்கு அழுகை வந்துடுச்சி. எடை மெஷினைக் காட்டுனதும் அது நின்னுடுச்சி. எழுபத்தெட்டு.

"சிகரெட் விட்ட மாதிரி இதையும் விடு. தினம் நட. சாப்பிட்டு ஓடாதே. ரெண்டு மாசத்துல வா."

வெளிய வந்தப்ப ஈப்போ மலையெல்லாம் எனக்குன்னே கழுவி வச்ச மாதிரி இருந்துச்சி. உசுரு இருக்கு! நெஞ்சு நல்லா இருக்கு! கொண்டாடணும். திங்கக் கூடாது. ஊதக் கூடாது. அப்புறம் மனுஷன் என்னாதான் பண்ணுவான்?

முடி வெட்டிக்கிட்டேன்.

தெரிஞ்ச கடைதான். சாய்ஞ்ச நாக்காலி, தலைக்கு மேல காத்தாடி, முடிதிருத்தறவரு தலையை அமுக்கி விட்டாரு. அசந்துட்டேன். அவரும் எழுப்பலை. "நல்லாத் தூங்கினீங்கண்ணே, எழுப்ப மனசு வரலை"ன்னாரு. கடிகாரத்தைப் பார்த்தா ரெண்டரை.

பஸ்ஸைப் புடிச்சி சிலிபின்ல எறங்கினேன். எங்க வரிசையில கூட்டம். பெஞ்செல்லாம் எறக்கறாங்க. நாலு பேரு கூடாரத் துணியைக் கட்டறாங்க. யாரு வீட்டுலயோ துக்கம்னு நெனைச்சி, கூட்டத்துக்குப் பின்னால நின்ன ஆளுகிட்ட மெதுவாக் கேட்டேன்.

"யாருங்க போயிட்டது?"

அவரு திரும்பாமலே சொன்னாரு. "நம்ம ஸ்டோர் கீப்பர் மணியம்லா. நெஞ்சுவலி. சிகரெட்டு."

"அவருதான் சிகரெட்டை விட்டுட்டாரே?"

"எங்க விட்டாரு! ஒளிஞ்சி ஒளிஞ்சி ஊதியிருப்பாரு."

"நான் ஊதலைங்க"ன்னேன்.

திரும்பிப் பார்த்தாரு. அவரு போட்ட சத்தத்துல கூடாரத்தைப் புடிச்சிக்கிட்டிருந்த நாலு பேரும் கையை விட்டுட்டாங்க.

உள்ள என் தங்கச்சி கனகா தலையை விரிச்சிப் போட்டுக்கிட்டு ஒப்பாரி வச்சிக்கிட்டிருந்தா. மளிகைக்கடை ஃபோன்லருந்து அஞ்சலை அக்கா மச்சானோட ஃபேக்டரிக்கு அடிச்சிருக்கு. ரெண்டு பேரும் கமுந்திங்லருந்து டெக்சி புடிச்சி வந்துட்டாங்க.

"அண்ணே!"ன்னு வந்து கட்டிக்கிட்டா. அஞ்சலை அக்காவுக்குத்தான் கோவம். "என் ரெண்டு கண்ணால பார்த்தேன் தம்பி, ஒன்னைத் தூக்கிட்டுப் போனாங்க!"ன்னுச்சி. நான் என்னமோ அதை ஏமாத்திட்ட மாதிரி.

மச்சான் சுப்பையா மூக்கைச் சிந்திக்கிட்டே என் கையைப் புடிச்சாரு. எனக்கும் மனசு பொங்கிடுச்சி. பொங்குன மனசுல வாய் ஒளறிடுச்சி.

"ஒன்னாலதான் மச்சான், ஒன் சட்டையில சிகரெட்டு வச்சிருந்ததுக்கு நான்ல டாக்டர்கிட்ட ஏச்சு வாங்கினேன்!"

கனகா அழுகையை நிறுத்தினா.

"எந்தச் சட்டையில?"

மச்சான் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. நான் செத்தே இருக்கலாம்னு அவரு நெனைச்சது நல்லாத் தெரிஞ்சிச்சி.

துக்கத்துக்கு வந்தவங்க யாரும் கெளம்பலை. எல்லாரும் பெஞ்சுல வசதியா உக்காந்துட்டாங்க. என் தங்கச்சி மச்சானை நிக்க வச்சிக் கேள்வி கேட்டுக்கிட்டிருந்தா. அப்பத்தான் எனக்கு உறைச்சிச்சி.

"பாக்கியம் எங்க?"

எல்லாரும் அஞ்சலை அக்காவைப் பார்த்தாங்க.

அஞ்சலை அக்கா சொன்னிச்சி. "கண்டீனுக்குப் போயி நான்தான் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினா. அங்க சவக்கிடங்கு வரைக்கும் போயிக் கேட்டிருக்கா. அப்படி யாரையும் கொண்டு வரலைன்னாங்களாம். இங்க வந்து சொல்லிட்டு, அந்தச் சவப்பெட்டிக் கடைக்குப் போயிட்டா. யாரும் கூட வரவேணாம், அவரை நானே கூட்டிட்டு வாரேன்னுட்டா."

மச்சான் சடார்னு எழுந்திரிச்சாரு. "வாங்க மச்சான், போலாம்!" பாசமா, கனகாகிட்டருந்து தப்பிக்கவான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. யாரோ ஒருத்தரோட சின்ன மோட்டர்சைக்கிள். நாங்க ரெண்டு பேரு. டயரு தரையில ஒட்டிக்கிட்டே போச்சி.

பாக்கியம் அந்த அஞ்சடியிலதான் உக்காந்திருந்தா. கண்டீன் ஏப்ரன்கூடக் கழட்டலை. பக்கத்துல தவுக்கேயோட சம்சாரம் ஒரு கிளாஸ் தண்ணியோட. பாக்கியம் வந்து, "என் புருஷன் எங்க?"ன்னு கேட்டிருக்கா. அந்தம்மாவுக்கு விவரம் தெரியாது. வேனு போனதை மட்டும் பார்த்திருக்கு. "சுடா பெர்கி லா"ன்னு சொல்லியிருக்கு. மலாய்ல அதுக்கு, போயிட்டாருன்னு அர்த்தம்.

வேனு திரும்பி வரட்டும், பொறுன்னு சொல்லி உக்கார வச்சிருக்கு. நான் கிட்ட போனப்ப அந்தம்மா என்னமோ மெதுவாக் கேக்குது. பாக்கியம் ரெண்டு கையையும் அகலமா விரிச்சி, அளவு காட்டிக்கிட்டிருந்தா.

கையை விரிச்சபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

ரொம்ப நேரம் பார்த்தா. நெத்தியைப் பார்த்தா. காதுப் பக்கம் பார்த்தா.

"முடி வெட்டினீங்களா?"

"ஆமா."

"எப்ப?"

"இப்பத்தான்..."

எழுந்திரிச்சா. கைப்பையால ஒரு அடி. ரெண்டாவது அடி. மூணாவது அடி விழலை. என் நெஞ்சுல தலையை வச்சிக்கிட்டு ஓன்னு அழுதா.

"வேன் வந்துடக் கூடாதுன்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன்"ன்னா.

"நெஞ்சு நல்லா இருக்குன்னாரு டாக்டரு. மூச்சும் நல்லா இருக்காம்"னு சொன்னேன்.

"அதைச் சொல்லறதுக்கு இவ்ளோ நேரமா?"

தவுக்கேயம்மாவுக்கு விஷயம் வெளங்கினதும் சிரிச்சி சிரிச்சிக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. மச்சானை மோட்டர்ல திரும்பிப் போகச் சொன்னோம். அவரு, "நான் கொஞ்சம் லேட்டாவே போறேனே"ன்னாரு. நானும் பாக்கியமும் நடந்தே சிலிபினுக்குப் போனோம். வழி முழுக்க ஏசிக்கிட்டே வந்தா. வழி முழுக்க என் சட்டை நுனியை விடவேயில்ல.

அடுத்த நாள்லருந்து தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் நடந்தோம். எடை குறைஞ்சிச்சி. எவ்ளோன்னு கேக்காதீங்க.

அன்னிக்கு நான் கத்துக்கிட்டது இதுதான்: உசுரோட இருக்கறதா இருந்தா, முடி வெட்டறதுக்கு முன்னாடி அதை வீட்டுல வந்து சொல்லிடணும்.